மூடாத குழாய்கள் (11): அப்பாவுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர்

அந்த வியாழக்கிழமை மத்தியானம் நான் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று குறைவது போலிருந்தது. அடுப்பைப் பார்த்தேன். வாசலைப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. பின்கட்டில் தண்ணீர் விழும் சத்தம் இல்லை.

எங்கள் தெருவில் குழாய்களுக்குத் திருகு கிடையாது. மலையில் பெய்யும் மழை மண்ணுக்கடியில் அழுத்தத்தோடு கடல்வரை நிற்கிறது. இரும்புக் குழாயை அடித்து இறக்கினால் தானே மேலே வந்து, இரவும் பகலும் விழுந்துகொண்டே இருக்கும். நகராட்சிக் குடிநீர் இணைப்பு ஒரு வீட்டிலும் இல்லை. யாரும் கேட்டதும் இல்லை.

எங்கள் வீட்டுக் குழாய் என் கணவர் தமோட்சு தன் கையால் இறக்கியது. நகராட்சியின் பாதாளச் சாக்கடைப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த மனிதர். அவர் போன பிறகும் அது விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்கு நின்றது.

ஏன் நின்றது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. ஸ்டேஷன் எதிரில் பழைய நூல் ஆலை இருந்த மனையில் விடியற்காலையிலிருந்து பெரிய பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவள் என் மகள் மினோரி.

அந்த மனையில் வரப்போகும் கட்டடத்தைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். கீழே கடைகள், அதற்கு மேல் மருத்துவமனை, அதற்கும் மேல் தொண்ணூறு குடும்பங்கள். அத்தனை பேருக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எந்த வழியாகப் போகும் என்று திட்டம் போட ஒசாகா நிறுவனம் மினோரியை அனுப்பியிருந்தது. சொந்த ஊர், சொந்தத் தெரு.

அவள் முதலில் போட்ட திட்டத்தில் சாக்கடைக் குழாய் ஆழமில்லாமல் வந்து, தெருவின் தாழ்ந்த முனையில் ஒரு கழிவுநீரேற்று நிலையத்தில் சேரும். அங்கே பம்ப் வைத்து மேலே ஏற்றி அனுப்ப வேண்டும். அந்தத் தாழ்ந்த முனையில்தான் அவள் அண்ணன் மிகியோவின் டோஃபு கடை இருக்கிறது.

"சாக்கடை பம்ப் பக்கத்துல நின்னுக்கிட்டு எவன் டோஃபு வாங்குவான்?" என்று கேட்டு, சாப்பாட்டில் பாதியில் எழுந்து போனவன்தான் மிகியோ. அது கோடைக்காலத்தில் நடந்தது. அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

மினோரி திட்டத்தை மாற்றினாள். புதிய திட்டத்தில் பம்ப் கிடையாது. குழாய் போகப் போக ஆழமாகும். கழிவு அந்தச் சரிவிலேயே தானாக ஓடி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் பெரிய சாக்கடையில் சேர்ந்துவிடும். ஆனால் அவ்வளவு ஆழம் தோண்டினால் பள்ளத்தில் நீர் ஊறும். குளிர்காலம் முழுக்க நிலத்தடி நீரை இறைத்துக் கீழே இறக்கி வைத்தால்தான் வேலை நடக்கும். அப்படி இறக்கினால் எங்கள் ஊற்றுக்குழாய்கள் தாங்குமா? அதைப் பார்க்கத்தான் அன்றைய சோதனை. விடியலிலிருந்து மறுநாள் விடியல்வரை பம்ப் ஓடும். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் குறைந்ததா என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள்.

சொந்தக்காரர் வீடுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது மினோரியே போட்ட விதி. ஆகவே என் வீட்டிலும் மிகியோ கடையிலும் யாரும் கேட்க வரவில்லை.

எதிர்வீட்டு மனபே ஐயாவின் வாசலில் அவள் குரல் கேட்டது. மனபேதான் எங்கள் தெருச் சங்கத்தின் தலைவர். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். மினோரிக்குப் பக்கத்தில் அவளுடைய மேலாளர் கித்தவாகி, கோட்டு போட்டு, கைகளை முன்னால் கோத்தபடி நின்றார்.

"ஐயா, தண்ணியில ஏதாவது மாற்றம் தெரியுதா?"

"ஒண்ணுமில்லம்மா. எப்பவும் போலத்தான்."

"கொஞ்சம் குறைஞ்ச மாதிரிகூட...?"

"நல்லாத்தான் ஊத்துது. நீ வெயில்ல அலையாதே, தொப்பி எங்கே? உங்கப்பனும் இப்படித்தான், மண்டை காயக் காயத் திரிவான்."

மினோரி சிரித்துக்கொண்டே எழுதினாள். உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் அப்படிக் கேட்டால் நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, நின்றது நம் குழாய் மட்டும்தான், பழைய குழாய் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அப்படி நினைக்க முடிந்தது.

பின்பக்கக் கதவை யாரோ நகத்தால் தட்டினார்கள். பக்கத்து வீட்டு ஷினோஹரா அக்கா. கையில் வாளி. வாளிமேல் துண்டு.

"கினுவே, உங்க வீட்ல எப்படி?"

"நின்னு போச்சுக்கா."

"எனக்குக் காலையிலேயே சொட்டு சொட்டா ஆயிடுச்சு. ஒரு பானை இருந்தா குடு, கஞ்சி வெக்கணும்."

காலையில் பிடித்து வைத்த தண்ணீரில் பாதியை ஊற்றினேன்.

"மினோரி உங்க வீட்டுக்கு வந்தாளே. சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? பக்கத்துல ஒசாகாக்காரன் நிக்கிறான். நம்ம தெருப் பொண்ணு. அவன் முன்னாடி வாசல்ல வெச்சு, உன் திட்டம் தப்பும்மான்னு சொல்லச் சொல்றியா? ஞாயித்துக்கிழமை தமோட்சுவோட வருஷ நினைவு வேற."

"அப்ப தெருவுல எல்லாருமா?"

"எல்லாரும்தான். ஒருத்தருக்கொருத்தர் பேசி வெச்சுக்கல, தானா அப்படி வந்துடுச்சு. மனபே கடைத்தெருவுக்குப் போய் பாட்டில் தண்ணி வாங்கிட்டு வந்தாரு. இத்தனை வயசுல முதல் தடவை. பையைத் துண்டால மூடி, சாராயம் வாங்கிட்டு வர்ற மாதிரி வந்தாரு."

இருவரும் சிரித்தோம். அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

நான் முள்ளங்கியிடம் திரும்பினேன். சீவச் சீவ யோசித்தேன். இது பொய் என்று இங்கே யாரும் நினைக்க மாட்டார்கள். அடுத்தவர் முகம் வாடாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். ஆனால் தமோட்சுவோடு வாழ்ந்ததில் எனக்கு ஒன்று தெரியும். குழாய் வரைபடம் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. குளிர்காலத்தில் பள்ளம் வெட்டும்போது இந்தத் தெரு முழுக்க நான்கு மாதம் வறண்டு கிடக்கும். அதற்குப் பிறகு ஊற்றுகள் பழையபடி திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மினோரியிடம் சொன்னால் ஆழக் குழாய்த் திட்டம் போய்விடும். பழைய திட்டம் திரும்பி வரும். மிகியோ கடைக்குப் பக்கத்தில் சாக்கடை பம்ப் வரும். சொல்லாவிட்டால் தெருவின் தண்ணீர் போகும், அதைப் போக்கியவள் என் மகள் என்று ஆகும். ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் மகள். சீவிய முள்ளங்கி தேவைக்கு மேல் இரண்டு மடங்கு ஆகிவிட்டிருந்தது.

மினோரி இருட்டத் தொடங்கும்போது வந்தாள். கையில் விலாங்கு மீன் சாப்பாட்டுப் பெட்டிகள் இரண்டு.

"என்னடி, இது பணக்காரச் சாப்பாடு?"

"ஒரு வீட்லகூட மாற்றமில்லம்மா. கித்தவாகி சார் அப்பவே ஆபீசுக்குப் போன் பண்ணிட்டாரு. திட்டம் உறுதி. மூணு வருஷத்துக்கு இங்கேயே இருந்து மொத்த வேலையையும் நான்தான் பாக்கணுமாம்."

வீடு வீடாகப் போன நேரம் போக நாள் முழுக்கப் பம்ப் பக்கத்தில் நின்றவளுக்குக் காது அடைத்துப் போயிருந்தது. வீடு அமைதியாக இருப்பது அவளுக்குப் புரியவில்லை.

"அண்ணன் கடைப்பக்கமும் ஒண்ணும் வராது. இனிமேலாவது பேசுவானா பாப்போம்." காலுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "இரு, முதல்ல அப்பாகிட்ட சொல்லிடறேன்."

நடுக்கூடத்து மாடத்தில் தமோட்சுவின் படம் இருக்கிறது. அதற்கு முன்னால் தினமும் புதுத் தண்ணீர் வைப்போம். கடைசி நாட்களில் மருத்துவமனையில் நகரத்துக் குழாய்த் தண்ணீரைக் கொடுத்தார்கள். ஒரு வாய் வைத்துவிட்டு, "நீச்சல் குளத்தையா மொண்டு வந்தே?" என்று கேட்டார். அன்றிலிருந்து வீட்டுத் தண்ணீரைத்தான் பாட்டிலில் கொண்டு போனேன்.

மினோரி மணியை அடிக்கக் கை நீட்டினாள். நல்ல சேதியை மாடத்தில் சொல்வது எங்கள் வழக்கம்.

"பழைய தண்ணியை வெச்சுக்கிட்டுச் சொல்லாதே" என்றேன். "மாத்தி வெச்சுட்டுச் சொல்லு."

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

நான் விலாங்குப் பெட்டியைத் திறக்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது கோப்பை காலியாக இருந்தது.

"எப்பலேருந்தும்மா?"

"மத்தியானத்துலேருந்து."

"இது மட்டுமா?"

நான் பெட்டிகளை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"அம்மா, இது ஒண்ணு மட்டுமா?"

"என் வீட்டைக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு நீதான் சொன்னே. அடுத்த வீட்டைப் பத்தி நான் என்னத்தைச் சொல்ல? போய்க் கேளு."

"கேட்டேனே. எல்லாரும் நல்லா இருக்குன்னாங்களே."

"நீ கேட்டது வேற. வாசல்ல மேலாளரோட நின்னு, மாற்றம் உண்டான்னு கேட்டே."

அவள் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். பிறகு கழற்றிய காலுறையைப் போடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். நான் மேலங்கியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

மனபே வாசலில் அவள் இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினாள்.

"ஐயா, அப்பாவுக்குத் தண்ணி மாத்தணும். உங்க வீட்டுத் தண்ணி ஒரு கோப்பை குடுங்க."

இறந்தவருக்கு என்று கேட்டால் யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது. மனபே என்னைப் பார்த்தார். நான் மேலங்கியின் பொத்தானைப் பார்த்தேன். அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் ஆயிற்று. ஃப்ரிட்ஜ் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். கோப்பையின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தது.

"ரொம்பச் சில்லுன்னு இருக்கே" என்றாள் மினோரி. "எந்த ஊர்த் தண்ணி ஐயா?"

மனபே தன் கால்விரல்களைப் பார்த்தார். "ஹொக்கைடோன்னு போட்டிருந்தது."

"அப்பா ஹொக்கைடோ பக்கமே போனதில்லையே."

"தெரியும்மா."

அவர் தலை தாழ்த்தினார். "உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வாய் வரல. தமோட்சு இருந்திருந்தா சொல்லியிருப்பேன். அவன் திட்டுவான், நானும் திட்டுவேன், முடிஞ்சு போயிருக்கும்."

மினோரி அவரைவிடத் தாழக் குனிந்தாள். "காலையில மறுபடி எழுத வருவேன். பக்கத்துல யார் நின்னாலும் பாத்ததை அப்படியே சொல்லணும். இல்லேன்னா நான் உங்க தெருவைத் தோண்டிடுவேன் ஐயா."

"சரிம்மா."

ஹொக்கைடோத் தண்ணீரை அவர் வீட்டுச் சாமந்தித் தொட்டியில் ஊற்றினாள்.

ஷினோஹரா அக்கா கோப்பையை வாங்கவே இல்லை. கவிழ்த்து வைத்த வாளியைக் காட்டினார். அதற்கடுத்த வீட்டில் பார்லி டீ கொடுத்தார்கள். அதற்கும் அடுத்த வீட்டுக்காரர் கோப்பையைப் பார்த்ததுமே, "ஐயோ, நான் அப்பவே சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்று தொடங்கிவிட்டார். தெருக்கோடிவரை இப்படித்தான். கோப்பை கடைசிவரை காலியாகவே வந்தது.

தெருக்கோடியில் மிகியோ கடை.

விளக்கு எரிந்தது. மறுநாளுக்கான சோயாவை ஊறப்போட்டுக்கொண்டிருந்தான். டோஃபு மிதக்கும் தொட்டி நிரம்பி விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது.

"என்ன, கோப்பையோட பிச்சைக்குக் கிளம்பிட்டியா?" கோடைக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை இது.

"அப்பாவுக்கு."

அவன் முகம் மாறியது. கையைத் துடைத்துக்கொண்டு கோப்பையை வாங்கி, தொட்டியில் விழும் நீரில் பிடித்து நீட்டினான். தெளிந்த, நம் ஊர்த் தண்ணீர்.

மினோரி வாங்கவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"அண்ணா, அது என்ன சத்தம்?"

"ஃப்ரிட்ஜு."

"ஃப்ரிட்ஜ் உன் பின்னாலல்ல இருக்கு. சத்தம் வெளியிலேருந்து வருது."

அவனைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். நானும் போனேன். சுவரோரம் பிளாஸ்டிக் தாளுக்குக் கீழே ஒரு புது மின்பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து புதுக் குழாய் மண்ணுக்குள் இறங்கியது. பழைய ஊற்றுக்குழாய் பக்கத்திலேயே, வாயில் ஒரு துளிகூட இல்லாமல் நின்றது.

"எப்ப போட்டே?"

"போன மாசம்."

"யார் போடச் சொன்னது?"

மிகியோ என்னை ஒரு தரம் பார்த்தான். "உங்க சார்தான். கட்டட வேலை நடக்கறப்போ உங்க தொழில் கெடக் கூடாது, ஆழக் குழாய் இறக்கி பம்ப் வெச்சுத் தர்றோம், செலவு எங்களோடதுன்னாரு."

"அப்ப சோதனைக்கு முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சிருக்கு, தண்ணி இறங்கும்னு."

"தெரிஞ்சிருக்கும்."

"உனக்கும் தெரியும்."

"எனக்கு வேற என்ன வழி வெச்சே மினோரி? சாக்கடை பம்பா, தண்ணி பம்பான்னு கேட்டா நான் எதை எடுப்பேன்? நீயா இருந்தா எதை எடுப்பே?"

"மத்த வீடெல்லாம்?"

"அங்கதான் ஒண்ணுமே குறையலையாமே. உன் கையால நீயே எழுதினியாமே."

அவள் கடைக்குள் வந்து, மேடைமேல் அவன் வைத்திருந்த நிறைந்த கோப்பையை எடுத்தாள். தண்ணீரைச் சிந்தாமல் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றினாள். காலிக் கோப்பையோடு நடந்தாள்.

நான் கொஞ்சம் நின்றேன். மிகியோ சோயாவைக் கிளறிக்கொண்டிருந்தான். கிளற வேண்டிய அவசியமே இல்லை.

"அம்மா, நீயும் என்னைத் திட்டணுமா?"

"ஞாயித்துக்கிழமை பிக்கு பத்து மணிக்கு வருவார். நேரத்தோட வா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வழியில் மினோரியைக் கேட்டேன், பம்பை நிறுத்தப் போகிறாயா என்று. அவள்தான் அந்தச் சோதனைக்குப் பொறுப்பு. நிறுத்தினால் சாப்பிட்டு முடிப்பதற்குள் எங்கள் குழாய்களில் நீர் திரும்பிவிடும்.

"நிறுத்தக் கூடாதும்மா. விடியறவரைக்கும் ஓடினாத்தான் எவ்வளவு இறங்குச்சுன்னு சரியாத் தெரியும். இப்ப இரக்கப்பட்டு நிறுத்தினா அதுவும் ஒரு பொய்க் கணக்குதான்."

தமோட்சுவும் இதைத்தான் சொல்லியிருப்பார். இதைவிட எரிச்சலான குரலில்.

வீட்டுக்கு வந்ததும் கோப்பையைக் காலியாகவே மாடத்தில் வைத்தாள். மணியை அடிக்கவில்லை. "காலையில வெக்கிறேன்பா" என்றாள், அவ்வளவுதான். பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்து, கித்தவாகியின் பெயரைக் கண்டு, கவிழ்த்து வைத்தாள். அது மறுபடி அதிர்ந்தது.

சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தாள். ஆழமில்லாத குழாயின் பழைய கோட்டை மீண்டும் பென்சிலால் தொட்டுக்கொண்டே வந்தாள். கட்டட மனையிலிருந்து தெருவுக்குள், எங்கள் வாசலைக் கடந்து, தெருக்கோடிவரை. மிகியோ கடையருகே போய் நின்றது. அங்கே எழுதியிருந்த நில மட்டத்தைப் படித்தாள். தெருவிலேயே தாழ்ந்த இடம் அதுதான்.

முப்பது வருஷம் சாக்கடைக்காரர் மனைவியாக இருந்தவளுக்கு மட்டம் படிக்கத் தெரியும். அதற்கு அடுத்தபடி தாழ்ந்த இடம் எது என்றும் தெரியும். மினோரியின் பென்சில் மெதுவாகத் திரும்பி வந்து அந்த இடத்தில் நின்றது. எங்கள் வீட்டுப் பின்கட்டு. அவள் அப்பா குழாய் இறக்கிய இடம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "பசிக்குதும்மா" என்றாள்.

விலாங்குப் பெட்டிகளைத் திறந்து வைத்தேன். அவள் சாப்பிடத் தொடங்கியதும், காலையில் நீர் திரும்பும்போது சத்தம் கேட்கட்டும் என்று வாளியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். குழாயின் அடியில் வாளியை வைத்தேன். பிறகு ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர்வரை அடிமேல் அடி வைத்து, ஒரு சாக்கடை பம்புக்கு இடம் போதுமா என்று அளந்து நடந்தேன்.